மோட்டாரைக் கழற்றும் முன்: ஆர்சி வண்டிகளின் பிரஷ் மோட்டார் கோளாறுகளும் தீர்வுகளும்

ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி காரில் எது கெட்டாலும் முதலில் பழி விழுவது மோட்டார்மேல்தான். வேகம் குறைந்தாலும் மோட்டார், சூடேறினாலும் மோட்டார். உடனே ஒரு டப்பா கிளீனரை எடுத்து அதன் துளைகளுக்குள் பீய்ச்சிவிட்டு, பராமரிப்பு முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்படிச் செய்தே இரண்டு நல்ல மோட்டார்களைக் கொன்றிருக்கிறேன். இன்று என் கட்சி இதுதான்: பிரஷ் மோட்டார் தானாகக் கெடுவது குறைவு. வண்டியில் வேறெங்கோ நடக்கும் தவறுக்கு அது தண்டனை அனுபவிக்கிறது. அறிகுறியை ஒழுங்காகப் படித்தால் பல சமயம் அதைத் தொடவே வேண்டியிருக்காது.

மிக்சியில் கார்பன் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் உள்ளமைப்பு புதிதல்ல. நடுவில் சுழலும் ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டர். அதை இருபுறமும் அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ். மிக்சியில் சுற்றிலும் காயில் இருக்குமிடத்தில் இங்கே இரண்டு காந்தங்கள். பெரும்பாலான ஆர்சி மோட்டார்களில் ஆர்மேச்சருக்கு மூன்றே துருவங்கள், கம்யூட்டேட்டருக்கு மூன்றே துண்டுகள். இந்த மூன்று பின்னால் வேலைக்கு வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். உங்களுடையது மூடிய மோட்டாரா, திறந்து வேலை பார்க்கக்கூடியதா? டமியா நிறுவனத்தின் கிட்களில் வரும் வெள்ளி நிற 540, டிராக்சஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் காரில் வரும் 12 சுற்று டைட்டன் 550 எல்லாம் மூடிய வகை. (540, 550 என்பவை மோட்டாரின் உருவ அளவு; சுற்று என்பது ஆர்மேச்சரின் ஒவ்வொரு துருவத்திலும் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு.) தகட்டை மடித்து மூடியிருப்பார்கள். பிரஷ் மாற்ற வழியில்லை. பின்மூடியில் இரண்டு திருகும், வெளியே தெரியும் பிரஷ் கூடும், அதன்மேல் சுருள் ஸ்பிரிங்கும் இருந்தால் அது திறக்கக்கூடிய வகை. பாறை ஏறும் கிராலர் வண்டிகளுக்கான 35 சுற்று, 55 சுற்று மோட்டார்களில் இந்த வகை நிறையக் கிடைக்கிறது. மூடிய மோட்டாரில் கார்பன் தீர்ந்துவிட்டால் வேறொன்று வாங்குவதே மலிவு. தகட்டை நெம்பித் திறந்து வீரம் காட்ட வேண்டாம்.

விசையை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

ஸ்டியரிங் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் பேட்டரியும் ரேடியோவும் உயிரோடு இருக்கின்றன. மோட்டாரின் இரண்டு ஒயர்களையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பெட்டியான ஸ்பீட் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து, இரண்டு பென்டார்ச் பேட்டரிகளைத் தொடராக வைத்து, 3 வோல்ட்டில் நேராகத் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் மோட்டாரை மறந்துவிடுங்கள். கோளாறு கன்ட்ரோலரிலோ, ரிமோட்டோடு அதைப் பொருத்தும் அளவமைப்பிலோ இருக்கிறது.

சுற்றாவிட்டாலும் அவசரம் வேண்டாம். ஒயர் மோட்டாரோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று எப்படி இருக்கிறது? நல்ல பற்று பளபளப்பாக, ஒயரோடு வழிந்து படிந்திருக்கும். கெட்ட பற்று சாம்பல் பூத்து, முத்துப்போல் உருண்டு நிற்கும். ஒருமுறை ஒரு முழுச் சாயங்காலம் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துண்டு துண்டாகச் சோதித்தேன். கடைசியில் பார்த்தால் ஒயர் ஈயத்தின்மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தது, ஒட்டவே இல்லை. மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போர்த்தியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பற்றை வைத்ததும் நான்தான்.

கையால் தட்டிவிட்டால்தான் கிளம்புகிறது

இது மோட்டாரின் சொந்த நோய். இங்கே அதைக் கழற்றலாம். நின்றிருக்கும் மோட்டார் சில நிலைகளில் கிளம்புகிறது, சில நிலைகளில் ‘ம்’ என்றுகூடச் சொல்லாமல் கிடக்கிறது, தண்டு முனையிலிருக்கும் சிறு பல்சக்கரமான பினியனை விரலால் சற்றே திருப்பினால் ஓட ஆரம்பிக்கிறது என்றால், மூன்று செம்புத் துண்டுகளில் ஏதோ ஒன்றுக்கு மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை. அந்தத் துண்டு பிரஷ்ஷின் கீழ் வந்து நிற்கும்போதெல்லாம் மோட்டார் ஊமையாகிவிடுகிறது.

மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, இரண்டு முனைகளிலும் தொட்டுக்கொண்டு, தண்டை மிக மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். அளவு ஓமின் சிறு பின்னத்தில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எங்காவது தொடர்பே அறுந்துபோனால் அதுதான் அந்த ஊமை இடம்.

காரணங்கள் இரண்டு. எளியதை முதலில் பார்ப்போம். பிரஷ் தன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டிருக்கும். கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புப் பசை கூட்டின் சுவரில் படிந்து, ஸ்பிரிங் தள்ளினாலும் பிரஷ் முன்னேறாமல் பிடித்துவைக்கும். ஸ்பிரிங்கை ஒரு சிறு கொக்கியால் தூக்கிப் பிடித்து, பிரஷ்ஷை அதன் பின்னல் ஒயரைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வெண்ணெய்போல் வழுக்க வேண்டும். உரசினால் வெளியே எடுத்துக் கூட்டின் உட்புறத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

பிரஷ்ஷைக் கையில் எடுத்தது எடுத்தாயிற்று, அந்தப் பின்னல் ஒயரையும் கவனியுங்கள். பிரஷ்ஷுக்கு மின்சாரத்தைக் கொண்டுவருவது அதுதான். ஸ்பிரிங்கின் வேலை அழுத்துவது மட்டும். பின்னல் அறுந்தாலோ திருகு தளர்ந்தாலோ மின்சாரம் ஸ்பிரிங் வழியாகப் பாய ஆரம்பிக்கும். மெல்லிய எஃகுச் சுருள் அந்தச் சூட்டைத் தாங்காது. நீலம் பாரித்து, விறைப்பு இறங்கி, அழுத்தம் குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் தீப்பொறி, தீப்பொறியால் இன்னும் சூடு. நீலமான ஸ்பிரிங்கை எத்தனை பாசம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் ஆர்மேச்சரில் ஒரு காயில் அறுந்திருப்பது, பெரும்பாலும் கம்பி செம்புத் துண்டோடு சேரும் கொக்கியில். ஆர்மேச்சரை வெளியே எடுத்து, மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாக எகிறினால் அந்தக் காயில் போய்விட்டது. கொக்கியில் விட்டிருந்தால் திரும்பப் பற்றவைக்கலாம். உள்ளே எரிந்திருந்தால் முடிந்தது கதை. செம்புத் துண்டுக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் எனாமல் உரிந்து கம்பி இரும்பைத் தொடுகிறது என்று பொருள். அந்த ஆர்மேச்சரை மறுபடி மாட்டினால் அடுத்து எரிவது கன்ட்ரோலர்.

கை வைக்க முடியாத சூடு

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மோட்டாரின் தகட்டில் விரலை வையுங்கள். மூன்று நொடி வைத்திருக்க முடிந்தால் கவலை இல்லை. உடனே கையை இழுத்துக்கொண்டால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சீறினால் 100-ஐத் தாண்டியாயிற்று. உள்ளே அதைவிட மோசம், ஏனென்றால் சூடு பிறப்பது நடுவிலிருக்கும் ஆர்மேச்சரில், தகட்டில் அல்ல.

இங்கே கிளீனர் ஒரு பைசாவுக்குப் பயன்படாது. சூடு என்பது பெரும்பாலும் அதிக மின்னோட்டம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால், 60 டிகிரி ஏறிய காயிலின் தடை ஏறத்தாழ கால்பங்கு அதிகரித்திருக்கும். அதே நேரத்தில் ஃபெரைட் காந்தமும் டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் பலம் இழக்கிறது. பலவீனமான காந்தத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய மோட்டார் இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும். சூடு சூட்டைப் பெறுகிறது. பேட்டரி தீரும் தறுவாயில் திடீரென்று கருகல் வாடை வருவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே மோட்டாரை வண்டியிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியைப் பாருங்கள். மோட்டார் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுண்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். கரகரத்தால் எந்தப் பேரிங் என்று தேடுங்கள். அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். வீட்டுக்குள் ஓட்டுகிற வண்டியில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பினியனுக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். தண்டைத் தாங்கும் மோட்டாரின் புஷ்ஷுக்கும் பினியனுக்கும் இடையே ஒரு சிறு மயிர் வளையம் இறுகிக் கிடக்கும், ஊசியால் கிழித்தெடுங்கள்.

அடுத்து பல்சக்கர இடைவெளி. பினியனைப் பெரிய பல்சக்கரத்தோடு நெருக்கி வைத்தால் இரண்டும் கடித்துக்கொண்டு மோட்டாரை மூச்சுமுட்ட வைக்கும். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, இரண்டுக்கும் நடுவே ஓடவிட்டு, மோட்டாரைத் தள்ளி அழுத்தித் திருகை இறுக்கி, பிறகு தாளை உருவுங்கள். அந்தத் தாளின் தடிமன்தான் வேண்டிய இடைவெளி. பெரிய பல்சக்கரத்தை நான்கு இடங்களில் திருப்பிச் சரிபாருங்கள், அது முழு வட்டமாக இருப்பது அபூர்வம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் பினியன் பெரிது. வேகம் வேண்டும் என்று இரண்டு மூன்று பல் கூட்டியிருப்பீர்கள். டமியா டிடி-02 காரில் கிட்டோடு வருவது 22 பல் பினியனும், ஸ்பர் எனப்படும் 70 பல் பெரிய பல்சக்கரமும். உள்ளிருக்கும் பற்சக்கரங்களையும் சேர்த்தால் மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். கிட்டோடு வரும் மோட்டாருக்குப் பார்த்து வைத்த கணக்கு அது. குறைந்த சுற்றுள்ள வேகமான மோட்டாரை மாட்டினால் பினியனைச் சிறிதாக்க வேண்டும். நம் கை எப்போதும் பெரிதைத்தான் தேடுகிறது. இரண்டு செல் லித்தியம் பேட்டரியிலிருந்து (2எஸ்) மூன்று செல்லுக்குத் (3எஸ்) தாவினாலும் இதே சங்கடம்தான், முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருந்த இடத்தில் 12.6 வந்து நிற்கும். கன்ட்ரோலருக்கும் வரம்பு உண்டு. ஹாபிவிங் குவிக்ரன் 1060 என்றால் 540 மோட்டார் 2எஸ்-இல் 12 சுற்றுக்குக் குறையக் கூடாது, 3எஸ்-இல் 18-க்குக் குறையக் கூடாது.

உயரமான புல்லில் ஓட்டியதாலும் சூடேறும். அதற்கு மருந்து புல்லில் ஓட்டாமல் இருப்பது.

பிரஷ் பக்கம் தீப்பொறி பறக்கிறது

கொஞ்சம் நீலப் பொறி இயல்பு. இருட்டில் பார்த்துப் பயந்துகொள்ள வேண்டாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால்தான் பிரச்சினை.

திறக்கும் முன் ஒரு மார்க்கரால் தகட்டிலிருந்து பின்மூடிக்கு நேர்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அந்த மூடியின் கோணம்தான் மோட்டாரின் டைமிங், அதாவது சுழற்சியின் எந்தக் கட்டத்தில் ஒரு காயிலிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் மாறுகிறது என்பது. அதை மறந்தால் சேர்க்கும்போது குருட்டாம்போக்குதான். பிரஷ் இரண்டையும் முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆர்மேச்சரை உருவியதும் அவை உள்ளே எகிறி, திரும்பப் போடும்போது முனை உடையும். தண்டில் இருக்கும் சிறு வளையங்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று ஒரு தாளில் அதே வரிசையில் அடுக்கி வையுங்கள். ஆர்மேச்சரை நேராக, நிதானமாக உருவுங்கள். காந்தம் பிடித்திழுக்கும், கை தவறினால் செம்பின் விளிம்பு தகட்டில் அடிபடும்.

இப்போது கம்யூட்டேட்டரை வெளிச்சத்தில் பாருங்கள். காப்பி நிறத்தில், ஒரே சீராக, லேசான மினுமினுப்போடு இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது அழுக்கு அல்ல. பிரஷ்ஷும் செம்பும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட வழுவழுப்பான படலம், உராய்வைக் குறைப்பதே அதுதான். புதுச் செம்புபோல் மின்ன வேண்டும் என்று தேய்த்து எடுப்பவர்கள் புதுப் படலம் உருவாகும்வரை பிரஷ்ஷை வீணாகக் கரைக்கிறார்கள்.

கரிபிடித்துத் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். 1500 நம்பர் உப்புத்தாளில் மெல்லிய கீற்று வெட்டி, கம்யூட்டேட்டரைச் சுற்றிப் பிடித்து, ஆர்மேச்சரை விரல்களால் உருட்டுங்கள். தாளை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். எமரித் துணியும் இரும்பு நாரும் கூடவே கூடாது. அவற்றின் துகள் மின்சாரம் கடத்தும், செம்பில் பதிந்துகொள்ளும், இரும்பு நார் காந்தத்திலும் போய் ஒட்டும். பிறகு முக்கியமான வேலை: மூன்று துண்டுகளுக்கும் நடுவே இருக்கும் மூன்று மெல்லிய பள்ளங்கள். கார்பன் தூள் அதில் அடைந்து ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் பாலம் போடுவதால்தான் அந்த நெருப்பு வளையம். பல்குத்தும் குச்சியைச் சீவிக் கூராக்கி ஒவ்வொரு பள்ளத்தையும் கீறிச் சுத்தம் செய்யுங்கள். நகத்தால் தடவினால் துண்டின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் வடுப்போல் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போதாது. சிறு கடைசலில் கொடுத்துச் சீவ வேண்டும்.

கிளீனர் ஸ்பிரே அடித்தால் ஒன்றை மறக்காதீர்கள். அது காயும் முன் மின்சாரம் கொடுக்கக் கூடாது. உள்ளே ஆவி, பிரஷ்ஷில் பொறி. பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கொன்ற முதல் மோட்டார் அப்படித்தான் போனது, கூடவே பாடியின் ஒரு ஓரமும் என் புருவத்தில் கொஞ்சமும். பெட்ரோல், தின்னர் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் மூடியும் கம்பியின் எனாமலும் அவற்றோடு ஒத்துப்போகா.

சும்மா சுற்றும்போது பறக்கிறது, தரையில் வைத்தால் இழுக்கவில்லை

கேட்பதற்கு முரணாக இருக்கும். காந்தம் பலவீனமானால் சுமையில்லாத வேகம் கூடும், இழுவை குறையும், மின்னோட்டம் ஏறும். பலமுறை வெந்துபோன மோட்டாரின் கடைசிக் கட்டம் இது. சுத்தம் செய்து பயனில்லை.

கீச்சென்ற சத்தம், கரகரப்பு

கீச்சென்று கத்துவது பெரும்பாலும் உலர்ந்த புஷ். மூடிய மோட்டார்களில் இருப்பது எண்ணெய் ஊறிய வெண்கல புஷ். உங்கள் கிளீனர் அந்த எண்ணெயைக் கழுவிவிட்டது. (என் இரண்டாவது கொலை.) தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து, இரண்டு முனையிலும் வையுங்கள். கம்யூட்டேட்டர் பக்கம் அரைச் சொட்டு போதும். மிஞ்சினால் செம்பில் பரவிப் பசையாகும். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்தான். பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும், குளிரில் உறையும், வேண்டாம். டபிள்யூடி-40 துருவை இளக்கும். நிலைத்து நிற்கும் எண்ணெயாக அதை நம்ப முடியாது.

கரகரப்பு என்றால் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாமல் உள்ளே கல் உருள்வதுபோல் கேட்டால் காந்தம் தகட்டிலிருந்து விட்டிருக்கலாம், அல்லது சில்லு தெறித்திருக்கலாம். திறக்கக்கூடிய வகையானால் எபாக்சி வைத்து ஒட்டலாம். பழைய இடத்திலேயே, அதே திசையில் ஒட்ட வேண்டும்.

முன்னே நன்றாகப் போகிறது, பின்னே மந்தம்

பின்மூடி டைமிங் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு திசையில் வேகம் கூட்டினால் மறுதிசையில் குறையும், பொறியும் சூடும் ஏறும். கிராலருக்கு மூடியைப் பூஜ்ய டைமிங்கில் வையுங்கள். அதற்கு முன், ரிவர்ஸ் வேகம் கன்ட்ரோலரிலேயே குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விசையைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது

பிரஷ்ஷின் பொறி ரேடியோவில் இரைச்சல் போடும். அதை அடக்கத்தான் மோட்டாரில் 104 என்று அச்சிட்ட மூன்று பொட்டுக் கெபாசிட்டர்கள், ஒவ்வொன்றும் 0.1 மைக்ரோஃபாரட். ஒன்று இரண்டு முனைகளுக்கும் நடுவே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் தகட்டுக்கு. விபத்தில் ஒரு கால் முறிந்தால் கண்ணுக்கே தெரியாது. சிமிட்டாவால் மெல்ல அசைத்துப் பாருங்கள். தகட்டில் பற்றவைக்கும் முன் அந்த இடத்தைச் சுரண்டி, சூடான இரும்பை வைத்துச் சட்டென்று முடியுங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இது உயிர்நாடி. 2.4 கிகாஹெர்ட்ஸில் நடுக்கம் வந்தால் மோட்டார் இழுக்கும்போது ரிசீவரின் வோல்ட் இறங்குகிறதா என்பதையும் சந்தேகியுங்கள்.

தண்ணீரில் விழுந்தது

பிரஷ் மோட்டார் தண்ணீருக்குள்ளும் சுற்றும். அதனால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல. நனைந்த கார்பன் வேகமாகக் கரையும், பேரிங்கும் தண்டும் மறுநாளே துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீரானால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் உதறி, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, 3 வோல்ட்டில் சில நிமிடம் சுற்றவிட்டு, கடைசியாக இரண்டு முனையிலும் எண்ணெய்.

புது மோட்டாரைத் தண்ணீர்க் குவளையில் முக்கி ஓட்டிப் பிரஷ்ஷைப் பதியவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேகமாக வேலை முடியும் என்பது உண்மைதான். பிரஷ்ஷின் ஆயுளில் ஒரு துண்டை அது தின்றுவிடும் என்பதும் உண்மை. நான் உலர்வாகவே செய்கிறேன். புதுப் பிரஷ் போட்டபின் சுமையில்லாமல் 2 முதல் 3 வோல்ட்டில் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு பிரஷ்ஷை எடுத்து முகத்தைப் பார்ப்பேன். கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப முக்கால்வாசி பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் போதும். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மின்னினால் இன்னும் பத்து நிமிடம். எடுத்த பிரஷ்ஷை அதே கூட்டில், அதே பக்கம் மேலாக வைத்துத்தான் திரும்பப் போட வேண்டும்; திருப்பிப் போட்டால் பதிந்ததெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.